வாலில் ஒரு மேடு

என் கணவரின் கையெழுத்தைப் பிசகாமல் போடத் தெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. போன மாதம் அதனாலேயே குடியிருக்கும் வீடு கையை விட்டுப் போகப் பார்த்தது.

இவர் கப்பலில் இன்ஜினீயர். கல்யாணமான சூட்டோடு கப்பல் ஏறியவர். அதற்குப் பிறகு விருந்தாளி மாதிரி வருவார், பெட்டியைப் பிரிப்பார், பெட்டியைக் கட்டுவார், போவார். என்னை 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவார். கப்பலில் ஒரு கேப்டனிடம் திட்டு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே இன்னொரு கேப்டன் நிற்கிறாராம். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்பது உண்மைதான், அதை நான் மறுப்பதில்லை.

ஆள் கடலில் இருக்கலாம், கையெழுத்து மட்டும் கரையில் இருந்தே தீரவேண்டும் என்பதுதான் அன்றைய சட்டம். மகளைப் பள்ளியில் சேர்க்க, மின்சார இணைப்பைப் பெயர் மாற்ற, நூலகத்தில் குழந்தைக்கு ஓர் அட்டை வாங்க, எல்லாவற்றுக்கும் இவர் கையெழுத்து வேண்டும். அதுவும் மையில், அதுவும் நீல மையில். "அவர் கப்பல்ல இருக்காருங்க" என்று சொன்னால், "அதனாலென்ன, அனுப்பி வாங்கிட்டு வாங்க" என்பார்கள், ஏதோ அடுத்த தெருவில் நங்கூரம் போட்டு நிற்கிற மாதிரி. ஒரு தடவை வீம்புக்குப் படிவத்தைத் தபாலில் அனுப்பினேன். அது கப்பலைத் துரத்திக்கொண்டு துறைமுகம் துறைமுகமாக ஊர் சுற்றிவிட்டு, மகள் அடுத்த வகுப்புக்குப் போன பிறகு திரும்பி வந்தது.

அப்போதுதான் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கினோம். இவர் ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு, படம் பிடித்து, கப்பல் கரை தொட்டதும் ஈமெயிலில் அனுப்பிவைத்தார். நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டு அந்தப் படத்தில் தாளின் சாம்பல் நிறத்தை அழித்தேன், கறுப்பு மையை நீலமாக்கினேன். பல தடவை கெடுத்துக் கெடுத்துச் செய்ததில் கடைசிப் பிரதியின் பெயர் 'அப்பா_கையெழுத்து_நீலம்_கடைசி_இதுதான்சரி' என்று ஆகிவிட்டது. அதைப் படிவத்தில் ஒட்டி அச்செடுத்தேன்.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். பள்ளி எழுத்தர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பார்க்கிற ஆள், தாளின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"பேனா அழுத்தமே இல்லையே மேடம். இது மிஷின் போட்டது."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த மனிதரை வாய்க்குள் திட்டினேன். வந்து உட்கார்ந்ததும் வழி கிடைத்துவிட்டது. கையெழுத்தை மட்டும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வெளிறலாக அச்செடுத்தேன். அதன் மேலேயே நீலப் பேனாவால் அழுத்தி எழுதினேன். மறுநாள் அவர் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார். அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுக்கலாம் போலவும் இருந்தது, அந்தக் கட்டைவிரலைக் கடிக்கலாம் போலவும் இருந்தது.

இவருக்குத் தெரியாமல் ஒன்றும் செய்யவில்லை. எந்தப் படிவம், எதற்கு என்று ஒவ்வொரு தடவையும் ஈமெயிலில் எழுதுவேன்; படம் போகாவிட்டாலும் எழுத்து நடுக்கடலுக்கும் போகும். 'போடு கேப்டன்' என்று ஒரே வரியில் பதில் வரும். அதற்குப் பிறகுதான் பிரிண்டரைப் போடுவேன்.

அந்தச் சாயங்காலங்களை இப்போது நினைத்தாலும் நெஞ்சு இளகிவிடுகிறது. பள்ளி விட்டு வந்த மகள் சாப்பாட்டு மேஜையில் தாடையை ஊன்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பாள். பிரிண்டர் முனகி முனகித் தாளை வெளியே தள்ளும். வெளிறலான கையெழுத்து தெரிந்ததும், "அப்பா வந்தாச்சு!" என்று கத்துவாள். நான் பேனாவை எடுப்பேன். முதலில் ஒரு கொக்கி, அப்புறம் ஒரு சுருள், அப்புறம் நீளமாக ஒரு வால், வாலின் நடுவில் சின்னதாக ஒரு மேடு. எல்லா வேலையையும் அவசர அவசரமாகச் செய்கிறவள் நான். இதை மட்டும் நிதானமாகச் செய்வேன். அவர் கை போன வழியில் என் கை போகும். சில மாதங்களில் எங்களுக்குள் குடித்தனம் என்று இருந்ததே அவ்வளவுதான். அந்த மேடு வரும்போது இவர் பேச்சு நடுவில் புருவத்தைத் தூக்குவது ஞாபகம் வரும். ஆளுக்கேற்ற கையெழுத்து என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வீட்டுக்கான விண்ணப்பமும் அப்படிப் போனதுதான். வீட்டு வசதி அலுவலகம் ஒதுக்கிக் கொடுத்தது, குடிவந்தோம், மகள் வளர்ந்தாள், வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். பிரிண்டர் பழுதாகிப் பரணில் ஏறியது. போன வருடம் இவரும் ஓய்வு பெற்று ஒரேயடியாக வந்து சேர்ந்தார்.

வந்தவருக்கு வீடு பிடிபடவில்லை. ஸ்பூன் எங்கே, துண்டு எங்கே, எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு, எதுவும் தெரியாது. என்னைக் கேட்கவும் கூச்சம். சர்க்கரையை விரலால் கலக்கிக்கொண்டு நிற்பார். தன் வீட்டிலேயே காலடிச் சத்தம் கேட்காமல் நடக்கிற மனிதரைப் பார்க்க எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்த நேரத்தில்தான் வீட்டை எங்கள் பெயருக்கே எழுதிக் கொடுப்பதாக அறிவிப்பு வந்தது. இருவரும் நேரில் வந்து, விண்ணப்பத்தில் உள்ளபடியே கையெழுத்திட வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். தவறினால் ஒதுக்கீடு ரத்தாகி, காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

திங்கட்கிழமையே போனோம். கவுன்டரில் எங்கள் மகள் வயதில் ஒரு பெண் இருந்தாள். என் பெயருக்கு நான் போட்ட கையெழுத்து ஒரே தடவையில் தேறிவிட்டது. இவர் போட்டதை ஸ்கேனரில் வைத்தாள். கம்ப்யூட்டர் அதைப் பழைய விண்ணப்பத்தின் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிவப்புக் கட்டம் போட்டது.

"பொருந்தலையே சார். இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். மறுபடியும் சிவப்பு.

"நான்தாம்மா அது" என்றார் இவர்.

"நீங்கதான்னு எனக்குத் தெரியுது சார். இதுக்குத் தெரியணுமே."

இவர் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். அவள் கையெழுத்துப் பக்கத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள்.

"சார், இதை நான் பார்க்கல. உள்ள வைங்க. பாஸ்போர்ட்ல ஒண்ணு, ஃபைல்ல ஒண்ணுன்னா, அப்ப ஃபைல்ல போட்டது யாருன்னு கேள்வி வரும். விசாரணைக்குப் போனா வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாது. வயசானா கை மாறத்தான் செய்யும். வீட்டுக்குப் போய்ப் பழைய கையெழுத்தைப் பழகிட்டு வாங்க, நிறைய பேர் அப்படித்தான் வர்றாங்க. ஆனா மூணாவது தடவையும் சிவப்பு வந்தா அதுவே பூட்டிக்கும், என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஃபைலில் போட்டது யார் என்று தெரிந்த ஆள் இவர் பக்கத்திலேயே நின்று கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். "இத்தனை வருஷம் கழிச்சு வீட்டுக்கு வந்தா, நீ நீ இல்லேங்கறாங்க" என்றார். சிரிப்பது போலத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மகளுடைய அறையில் துணி போர்த்திக் கிடந்த பழைய கம்ப்யூட்டரைப் போட்டேன். அது முக்கி முனகி எழுந்தது. ஃபைலின் பெயரைப் படித்ததும் இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு நான் கேட்ட வாய்விட்ட சிரிப்பு. படம் திறந்ததும் சிரிப்பு நின்றது. திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"இந்த மேடு என்ன?"

"உங்க கையெழுத்துல இருக்கிறதுதானே?"

"என் கையெழுத்துல மேடே கிடையாது."

இவர் கண்ணை மூடி யோசித்தார்.

"அட, ஆமா. அன்னிக்குக் கடல் சரியில்ல. சாப்பாட்டு மேஜைல உட்கார்ந்து போட்டேன். டீ கப் நழுவுதுன்னு இடது கையால அதைப் பிடிச்சுக்கிட்டு, வலது கையால போட்டேன். வாலை இழுக்கிறப்ப கப்பல் ஒரு தூக்குத் தூக்குச்சு."

"அப்புறம் நல்லதா ஒண்ணு போட்டு அனுப்பியிருக்கலாமே?"

"நீதான் நாளைக்குக் கடைசி நாள், நாளைக்குக் கடைசி நாள்னு எழுதித் தள்ளினே. கரை தொட்டதும் இருந்ததை அனுப்பிட்டேன்."

இத்தனை வருடம் நான் புருவம் என்று நினைத்து வருடியது ஓர் அலை. பள்ளிக்கூடம், மின்சார வாரியம், நூலகம், வீட்டு வசதி அலுவலகம், எல்லோரும் அந்த அலைக்கு முத்திரை குத்தி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இவர் பழக உட்கார்ந்தார். தாள் தாளாகப் போட்டார். மேட்டை வேண்டுமென்றே வரைந்தால் அது தெருவில் போட்ட வேகத்தடை மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. பார்க்கப் பொறுக்காமல் நான் பேனாவை வாங்கி, பார்க்காமலே ஒரே இழுப்பில் போட்டுக் காட்டினேன். அச்சு அசலாக இருந்தது. இந்த ஊரில் எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து, கவுன்டரில் இவரே போட வேண்டியிருந்ததால் எனக்கு உதவாத கையெழுத்து.

அதை இவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க இருக்கிறது நான் இல்ல. நீதான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஆமா. நீங்க இல்லாதப்ப யாராவது ஒருத்தர் நீங்களா இருக்க வேண்டியிருந்துச்சு."

இவர் எழுந்து அடுக்களைக்குப் போனார். பாத்திரங்கள் உருளுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். வழிய வழிய ஒரு கப் டீயோடு வந்தார். அதை மேஜையில் தன் இடது கைப் பக்கம் வைத்து, இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"மேஜையைத் தூக்கு."

"என்னது?"

"அன்னிக்கு நானா தூக்கல, கப்பல்தான் தூக்குச்சு. வாலை இழுக்கிறப்ப நீ தூக்கு, கேப்டன்."

மேஜைக்கு அடியில் முழங்காலைக் கொடுத்தேன். முதல் தடவை டீ கொட்டியது. அடுத்த தடவை அவசரப்பட்டுச் சுருளிலேயே தூக்கிவிட்டேன். திட்டினார், திருப்பித் திட்டினேன். கடைசியில் எனக்குப் பிடிபட்டது. கையைப் பார்க்கக் கூடாது, தோளைப் பார்க்க வேண்டும். வலது தோள் இறங்கினால் வால் புறப்படுகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு போட்டதைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. வெள்ளிக்கிழமை வருவதற்குள் என் முழங்கால் கன்றிப்போயிருந்தது, மேஜைவிரிப்பில் டீக்கறை படாத இடமே இல்லை. இவர் வீட்டுக்குள் சத்தமாக நடக்க ஆரம்பித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை கவுன்டரில் போய் நின்ற பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. அங்கே இருப்பது மேஜை இல்லை. சுவரோடு சுவராகக் கட்டிவிட்ட கல் மேடை. என்னைப் போல பத்துப் பேர் சேர்ந்து தூக்கினாலும் அசையாது. இவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பெண் தாளை வைத்துப் பேனாவை நீட்டினாள்.

"நிதானமா போடுங்க சார். இதுதான் கடைசி."

இவர் பேனாவை ஊன்றினார். கொக்கி வந்தது. சுருள் வந்தது. வலது தோள் இறங்கியது. நான் என் முழங்கையால் இவர் முழங்கையை அடியிலிருந்து ஓர் இடி இடித்தேன்.

"மேடம்!"

"கால் இடறிடுச்சும்மா" என்றேன். திருட்டு முழி முழித்திருப்பேன்.

அவள் என்னையே ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு தாளை ஸ்கேனரில் வைத்தாள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. இவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் இவர் என் கையைப் பிடித்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. வட்டம் நின்றது. பச்சை.

அவள் தாளை எடுத்தாள், திருப்பிப் போட்டாள், பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் சொன்ன பிறகும் கட்டைவிரலும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அப்புறம் திரையில் தட்டிக்கொண்டே வாய்விட்டுப் படித்தாள்.

"கணவர்... நேரில்... வந்தார்."

எனக்குக் கண் மறைத்துவிட்டது. மேஜையில் தாடையை ஊன்றிக்கொண்டு மகள், "அப்பா வந்தாச்சு!" என்று கத்துவது காதில் விழுந்தது. இவருக்கு அது தெரியாது, இவர் ஒரு நாளும் அந்தச் சாயங்காலங்களில் வீட்டில் இருந்ததில்லை. வீட்டுக்குப் போனதும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து படியில் நின்று முழங்கையைத் தடவிக்கொண்டார்.

"நல்லா இடிச்சுட்டே. இனிமே நான் எங்க கையெழுத்துப் போட்டாலும் நீ பக்கத்துல நிக்கணும் போலிருக்கே?"

"நிக்கிறேன். நீங்க எங்கேயும் போகாம இருந்தா சரி."

"நான் எங்க போறது கேப்டன்? வீட்ல ஸ்பூன் எங்க இருக்குன்னே எனக்கு இன்னும் தெரியல."

"அடுப்புக்கு வலது பக்கம், ரெண்டாவது டிராயர்" என்றேன்.