செவிட்டுக் காதில் கேட்ட பிரசங்கம்

"தாம்பரத்து ஆளை உள்ள வுடாதேன்றேன்!"

"பின்ன யாரு ஜெபம் பண்றது? நீயா? வேதப்புஸ்தகத்தைத் தலைகீழா புடிக்கிற ஆளு நீ!"

"வேற யார்னா வரட்டும் சரோஜினி. அந்தக் குரலு நம்ம வூட்ல வேணாம்."

"சபை ஐயர் ஊர்ல இல்ல. மணி நாலாவுது, இன்னும் எவ்ளோ நேரம் ஒங்க அக்காவை இப்படியே போட்டு வைக்கறது? சும்மா கெட."

அனகாபுத்தூரில் அந்த வீட்டு வாசலில் பைபிள் பையோடு நின்றுகொண்டு இதைக் கேட்டேன். சண்டை போட்டது துரைராஜும் அவர் மனைவியும். துரைராஜின் அக்கா முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் இறந்துபோனார் என்பது மட்டும்தான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. பேர்கூடத் தெரியாது. அடக்க ஆராதனை நடத்த என்னை அனுப்பியிருந்தார்கள். சாவு வீடு என்று பக்கத்து வீடுகளில் தறியை நிறுத்தியிருந்தார்கள்.

இது 1968-இல் நடந்தது. நான் ரயில்வே கிளார்க், பேர் தனசிங். ஐயர்மார் போதாததால் எங்கள் சபையில் ஆறு பேருக்குப் பிரசங்கப் பயிற்சி கொடுத்தார்கள். சனிக்கிழமை நாலு மணிக்கு, தாம்பரம் ஸ்டேஷனை ஒட்டிய ஹாலில் வகுப்பு. நடத்தியவர் ரிட்டயர் ஆன வாத்தியார் ஜீவரத்தினம்.

அடக்கப் பிரசங்கம் பழக, செத்தவர் ஒருவர் வேண்டுமே. "உயிரோட இருக்கறவங்க பேரை வைக்காதீங்கப்பா. ஒரு ஆளை நீங்களே உண்டாக்குங்க" என்றார் சார்.

நான் ஒரு பெண்ணை உண்டாக்கினேன். ஞானஜோதி, வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை, தையல் டீச்சர். இடது காது செவிடு. அதனால் கோயிலில் முகத்தை இடப்பக்கம் திருப்பி, வலது காதைப் பிரசங்கியாருக்குக் கொடுத்து உட்காருவாள். நாலு சனிக்கிழமை இதையே பேசினேன். "முடிவுல அவசரப்படறீங்க தனசிங். அந்தம்மாவைப் போகவிடுங்க" என்று சார் திரும்பத் திரும்பப் பேசவைத்தார். நாலாவது வாரம் மேஜையைத் தட்டினார்: "இன்னிக்குத்தான்யா அவங்க நெஜமா செத்தாங்க!" எல்லாரும் சிரித்தோம்.

அதற்கு மறுநாள்தான் அந்த வாசலில் நின்றேன்.

சரோஜினி கதவைத் திறந்தார். பெட்டியில் கிடந்தவரின் முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தது.

"நேரா வெச்சாலும் திரும்பிக்குது சார்."

"பேரு?"

"ஞானஜோதி. தையல் டீச்சர்."

"இடது காது..."

"செவிடு. ஒங்களுக்கு யாரு சொன்னா?"

துரைராஜ் என் பக்கத்தில் வராமல் சுவரோடு நின்றார். "நாலு சனிக்கிழமையா அக்கா சொல்லிக்கினு கீது சார். செவிட்டுக் காதுல யாரோ பிரசங்கம் பண்றாராம். நடுவுல 'தாம்பரம், தாம்பரம்'னு போர்ட்டர் கத்தறதும் கேக்குதாம். 'என்னைப் பத்தி நல்லாத்தான் சொல்றாருடா, ஆனா செத்துட்டேன்றாரே'ன்னு அழுவும். நேத்து நாலரைக்கு, 'முடிச்சிட்டாருடா'ன்னுச்சு. அவ்ளோதான்."

ஓடிவிடலாம் என்று இருந்தது. ஆனால் இதில் சறுக்கினால் பிரசங்கம் பண்ணும் உத்தரவு கிடைக்காது. என்னிடம் வேறு பிரசங்கமும் இல்லை. ஆரம்பித்தேன். யாரும் அழவில்லை. "போய் வாங்க ஜோதியம்மா, இனி ரெண்டு காதும் கேக்கும்" என்பதுதான் முடிவு. அதை நான் சொல்வதற்கு முன்பே துரைராஜ் முணுமுணுத்துவிட்டார்.

உத்தரவு கிடைத்தது. பிரசங்கம் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். அடக்க ஆராதனைக்கு மட்டும் போவதில்லை.

இந்த வருஷம், 1975-இல், வகுப்பை நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஜூனில் ஆரம்பம். ஏழு பேர். பாடத்திட்டத்தில் அடக்கப் பிரசங்கமும் உண்டு. அதைப் பழகாமல் யாரையும் சாவு வீட்டுக்கு அனுப்ப முடியாது. போன ஞாயிறு அவர்களில் ஒருவரான வேதசிரோமணி, "நான் இப்பவே ஒரு பேரு யோசிச்சு வெச்சிருக்கேன் சார்" என்று வாயைத் திறந்தார். சொல்லவிடாமல் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன்.

நான் பேசியதால் அந்த அம்மா செத்தாரா, சாகப்போகிறவர் எப்படியோ என் வாயில் வந்தாரா, எனக்குத் தெரியவில்லை. இந்தப் பாடத்தை நான் நடத்தலாமா, கூடாதா? இதைப் படிக்கிறவர்கள் ஜூனுக்குள் ஒரு கார்டு போட்டுச் சொல்லுங்கள்.