வாரம் தவறாமல் முடிவெட்டிக்கொண்ட ரோஜா

1

இந்தக் கதை ஒரு பேருந்தின் சன்னலோரத்தில் பிறந்தது. சிக்னலில் வண்டி நின்றது. எட்டிப் பார்த்தேன். தெருவோரத்தில் ஒரு சலூன், அதன் வாசலில் ஒரு ரோஜாச் செடி. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள் பையன்களுக்கு வெட்டிவிடுவார்களே, காது தெரிய, பிடறி தெரிய, அப்படி உருண்டையாக வெட்டி நிறுத்தியிருந்தார்கள் அதை. பச்சைப் பசேலென்று கொழுத்திருந்தது. ஆனால் பேருக்கு ஒரு பூ இல்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்து இருக்கைப் பெண்மணி என்னைப் பார்த்துவிட்டுத் தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்குள் பச்சை விளக்கு எரிந்து வண்டி நகர்ந்துவிட்டது.

நான் கண்ணால் கண்டது அவ்வளவுதான், கண்ணுகளா. இனிமேல் வருவது முழுக்க என் கைச்சரக்கு. பிடிக்காவிட்டால் என்னைத் திட்டுங்கள். அந்த சலூன்காரரைத் தேடிப் போய்த் திட்டாதீர்கள்.

2

மூன்று தடவை தொடங்கிப் பார்த்தேன்.

“மலர்களின் அரசியாம் ரோஜா, மண்ணுலகில் முதன்முதலாக—”

வேண்டாம். அரசி வந்தால் எழுந்து நிற்க வேண்டும். என் முழங்காலுக்கு அது ஆகாது.

“விடிந்தும் விடியாத அந்தப் பொழுதில், சலூன்காரர் கையில் கத்தரியோடு ஓசைப்படாமல் கதவைத் திறந்து—”

நான் எழுதுவதைத் தட்டச்சு செய்து தருகிறவள் என் மருமகள். இந்த வரியில் கையை நிறுத்திவிட்டு, “அத்தே, கொலைக் கதையா?” என்றாள். ஒரு வகையில் ஆமாம் என்றேன். ஆனாலும் அடித்துவிட்டேன்.

(அடித்ததை ஏன் இங்கே விட்டுவைத்திருக்கிறேன் என்று அவளும் கேட்டாள். அதற்கும் காரணம் இருக்கிறது. பொறுங்கள்.)

மூன்றாவது தொடக்கம் ஒரு நர்சரியில். அது நின்றது.

3

நர்சரியை நடத்துபவள் சலூன்காரருடைய மனைவியின் தங்கை. வாய் நிறையப் பேச்சு, நகம் நிறைய மண். அக்காளோ நேர்மாறு, மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. நாளெல்லாம் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, மயிரிழை பிசகாமல் தேய்த்துவிட்டு, விரலிடுக்கில் வெள்ளைப் பொடியோடு வீடு திரும்புகிறவள். அவளைக் கண்ணாடிக்காரி என்றே வைத்துக்கொள்வோம். அவளுக்கு வெகுநாளாக ஓர் ஆசை: வீட்டு வாசலில் ஒரு ரோஜா. வீட்டு வாசல் என்றால் கடை வாசல்தான். முன்னால் கடை, பின்னால் வீடு.

“பூவப் பாத்து மயங்காதக்கா,” என்றாள் தங்கை. “பூ நாளைக்குக் கொட்டிடும். அடியப் பாரு. தண்டு மூணு, நாலு, கெட்டியா கெளம்பியிருக்கா? எலையில கரும்புள்ளி இல்லாம இருக்கா? அதுதான் செடி.”

கண்ணாடிக்காரி ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள். கடைசியில் ஓர் ஓரமாக நின்ற ஒன்றிடம் போய் மூக்கை வைத்தவள் எடுக்கவே இல்லை. வெளிர் ரோஜா நிறம். இதழுக்குள் இதழாக, சுருட்டி வைத்த துணி மாதிரி ஒரு பூ.

“அது வருஷத்துக்கு ஒரே தடவதான் பூக்கும்க்கா. ஆனா பூத்தா தெருவே திரும்பிப் பாக்கும்.”

“வருஷத்துக்கு ஒரு தடவையா?” என்றார் சலூன்காரர். “என் கடைக்கு வர்ற கஞ்சன்கூட மாசத்துக்கு ஒரு தடவ வர்றானே!”

“இது புதர் ரோஜா அத்தான். கைய ரெண்டு பக்கமும் நீட்டுங்க பாப்போம். ஆங், அவ்வளவு எடம் கேக்கும்.”

அவர் நீட்டினார். ஒரு தொட்டி விழுந்து உடைந்தது.

“அவ்வளவு எடத்துல நாங்களே குடியிருக்கல,” என்றார்.

“இதான் வேணும்,” என்றாள் கண்ணாடிக்காரி. பேச்சு அதோடு முடிந்தது. அந்த வீட்டில் அவள் குறைவாகப் பேசுவாள், முடிவாகப் பேசுவாள்.

தொட்டியை வண்டியில் ஏற்றும்போது தங்கை பின்னாலேயே ஓடி வந்தாள். “அத்தான், ஒண்ணே ஒண்ணு. மறந்துடாதீங்க. இந்தச் செடிய மட்டும்—”

உரமூட்டை வாங்க வந்தவர் யாரோ கூப்பிட்டார். அவள் திரும்பி ஓடினாள். இவர் வண்டியைக் கிளப்பினார்.*

* தங்கையின் வாக்கியத்தை நான் முடிக்காமல் விட்டது மறதியால் இல்லை.

4

நட்டது ஒழுங்காகத்தான் நட்டார்கள். பாதி நாளாவது வெயில் விழுகிற இடம், தொட்டியைப் போல இரண்டு மடங்கு அகலத்தில் குழி, மக்கிய எரு, காலையில் வேருக்கு மட்டும் தண்ணீர், இலையில் படாமல். செடி மண்ணைப் பிடித்துக்கொண்டது. பிடித்த வேகத்தில் இங்கொரு கிளை, அங்கொரு கிளை என்று நாலாபக்கமும் கையை நீட்டியது.

சலூன்காரருக்குப் பிடறி முடி காலரைத் தொட்டால் தாங்காது. பேருந்தில் போனால் முன் இருக்கைக்காரன் பிடறியைப் பார்த்தபடியே தவிப்பவர். அப்படிப்பட்டவர் வாசலில் இப்படி ஒரு பரட்டைத் தலை நின்றால்? வாராந்திர விடுமுறையன்று சீப்பும் கத்தரியுமாக இறங்கினார். (சீப்பு எதற்கு என்று கேட்காதீர்கள். சீப்பு இல்லாமல் அவருக்குக் கத்தரி ஓடாது.)

“நேரா இருக்கா பாரு.”

டீத் தம்ளரோடு வாசற்படியில் நின்ற கண்ணாடிக்காரி ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். “எடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்குங்க.”

க்ளிக்.

“இப்போ?”

“இப்போ சரி.”

அந்த வாரம் தொடங்கியது, பிறகு ஒரு வாரமும் தவறவில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துப் பாராட்டினார்கள். செடிக்கே இப்படி வெட்டுகிறவர் தலைக்கு எப்படி வெட்டுவார் என்று புது ஆட்கள்கூட உள்ளே வந்தார்கள்.

பூக்கிற பருவம் வந்தது. பூ வரவில்லை. நட்ட வருஷந்தானே என்றார்கள். அடுத்த பருவமும் வந்து போனது. இலை, இலை, இலை. கண்ணாடிக்காரி முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டாள், டீத்தூள் சக்கையை உலர்த்திப் போட்டாள், செடியோடு பேசிப் பார்த்தாள். தங்கையிடம் தொலைபேசியில் கேட்டதற்கு அவள், “எரு வையி, வெயில் படட்டும், பூக்கும்க்கா,” என்றாள். பார்க்காத செடிக்கு வேறென்ன சொல்ல முடியும்?

கடையில் ஒரு நிரந்தர வாடிக்கையாளர் உண்டு. வழுக்கை அண்ணன். வெட்ட ஒரு முடி இல்லை. நாள் தவறாமல் செய்தித்தாள் படிக்க மட்டும் வருவார். ஒருநாள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, “உங்க கைராசிக்கு என்னண்ணே கொறச்சல். அழற கொழந்தைகூட உங்க கை பட்டா சிரிக்குது. செடி விஷயத்துலதான் வீட்டம்மா கைக்கு...” என்று இழுத்தார். சலூன்காரர் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டார். வாக்கியத்தின் பின்பாதி அவர் காதில் ஏறவே இல்லை.

உள்ளே இருந்த கண்ணாடிக்காரியின் காதில் அதுதான் ஏறியது.

அன்று இரவு சாப்பிடும்போது தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். “என் கைக்கு ராசியில்லங்க. இனிமே நான் அதைத் தொடல.” மறுநாளிலிருந்து தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். கண்ணாடிக் கடையில்கூட ஒரு நாள், மெல்லிய லென்ஸ் ஒன்றைச் சக்கரத்தில் வைக்கப் போனவள், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டாளாம்.

இங்கே மருமகள் குறுக்கிட்டாள். “அத்தே, அவர் தெரிஞ்சேதான் வெட்டறார்னு வையுங்களேன். கதை சூடு பிடிக்கும்.”

வைத்துப் பார்த்தேன். “அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு நெளிய—” முடியவில்லை. அந்த மனிதருக்கு நெளியும் உதடு இல்லை. மனைவி தொடாமல் விட்ட பக்கெட்டைத் தூக்கி, இலையில் படாமல் வேருக்கு ஊற்றுகிறாரே, அவரைப் போய் வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை.

5

பிறகொரு நாள் நர்சரிக்காரி நேரில் வந்தாள். அக்காள் வேலைக்குப் போயிருந்தாள். அத்தான் சீப்பும் கையுமாகச் செடிக்கு முன்னால் நின்றிருந்தார்.

அவள் சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் உள்ளே போய்ச் சுழல் நாற்காலியில் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“என்ன அத்தான் இது! கிருதா எங்க? கிருதா வைக்கலியா?”

“சிரிக்காத. பூக்கவே மாட்டேங்குது உன் செடி.”

“எப்படிப் பூக்கும்? இத மட்டும் கத்தரிக்காதீங்கன்னு அன்னிக்கே சொல்ல வந்தேனே! இந்த வருஷம் நீளற கெளையிலதான் அத்தான் அடுத்த வருஷம் பூ வரும். காஞ்சது, பட்டதுன்னா எடுக்கலாம். நீங்க வாராவாரம் அடுத்த வருஷத்தையே வெட்டிக் குப்பையில போட்டிருக்கீங்க.”

சலூன்காரர் கீழே கிடந்த துணுக்குகளைப் பார்த்தார். எத்தனையோ ஆயிரம் தலைமுடி அந்த வாசலில் கூட்டிக் குவித்திருக்கிறார். எதையும் திரும்ப ஒட்டவைக்கலாமா என்று நினைத்ததில்லை.

“அக்காகிட்ட சொல்லிடாத.”

“நான் எதுக்குச் சொல்றேன்? நீங்க சொல்லுவீங்க.”

6

அவர் சொல்லவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தார். பிறகு, பூவோடு சேர்த்துச் சொல்லலாம் என்று நினைத்தார். கையில் ஒரு பூவைக் கொடுத்துவிட்டு, “இத இத்தனை நாளா நாந்தான் கெடுத்தேன்,” என்றால் கோபம் பாதியாகும் என்று ஒரு கணக்கு. ஊரே புகழும் கைராசி பொய்த்துப்போன சங்கதியை வெறுங்கையோடு எப்படிச் சொல்வது?

கத்தரியை மட்டும் கீழே வைத்துவிட்டார். விடுமுறை நாட்களில் கை துறுதுறுத்தது. தன் மீசையையே திருத்தித் திருத்தி ஆசையைத் தீர்த்துக்கொண்டார். செடியோ விட்டது சனி என்று வளர்ந்தது. ஒரு கிளை பெயர்ப்பலகையை மறைத்தது. இன்னொன்று நேராகக் கடைக்குள்ளேயே வந்துவிட்டது.

“பாருங்கண்ணே, எனக்கு முன்னாடி ஒருத்தர் வந்து காத்திருக்கார்,” என்றார் வாடிக்கையாளர் ஒருவர், தலையைத் தட்டிய கிளையை விலக்கிக்கொண்டு.

“முள்ளு இருக்கு, பாத்து.”

“ஏன், செடிக்கு வெட்டறத விட்டாச்சா?”

“கை வலி,” என்றார்.

அந்தக் கை வலியைக் கேட்ட கண்ணாடிக்காரி தனக்குள் வேறொரு கணக்குப் போட்டாள். இவரும் கைவிட்டுவிட்டார், பாவம், எனக்காகத்தான் வாயைத் திறக்காமல் இருக்கிறார் என்று. ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படியே ஓடி, மறுபடி பூக்கிற பருவம் நெருங்கும்போது ஒரு மாலை வந்து சொன்னாள்:

“செடிய வழுக்கை அண்ணனுக்குக் குடுத்துட்டேன். அவங்க வீட்டுல நல்ல கையா இருக்கும். நாளைக்குக் காலையில மம்பட்டியோட வர்றேன்னார்.”

7

இங்கே என் பேனா நின்றுவிட்டது. நான் உண்மையிலேயே பயந்தேன். செடி போனால் போகட்டும், வேறு வாங்கலாம். தன் கைக்கு ராசியில்லை என்கிற எண்ணம் அவளோடு தங்கிவிட்டால், அதை எந்த மம்பட்டியால் தோண்டி எடுப்பது?

சலூன்காரர் கடையின் கதவை இழுத்து மூடப் போனார். மூட முடியவில்லை, அந்தக் கிளை நடுவில் நீட்டிக்கொண்டிருந்தது. விலக்கும்போது நுனியில் ஏதோ பொட்டாகத் தட்டுப்பட்டது. இலைக் கொழுந்தா, வேறு ஏதாவதா? அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

“ஏம்மா, பெரிசாக் காட்டுமே உன் லென்ஸு, அத எடுத்துட்டு வாயேன்.”

அவள் வந்தாள். லென்ஸை நுனியருகே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர், அவள் வாய் திறப்பதற்குள், பூவோ இலையோ தெரிவதற்குள், முந்திக்கொண்டார்.

“உன் கை இல்லம்மா. என் கை. வெட்டாம விட்டிருந்தா எப்பவோ பூத்திருக்கும். உன் தங்கச்சி சொன்னா.”

அவள் லென்ஸை எடுக்கவில்லை. “எப்போ சொன்னா?”

“போன வருஷம்.”

“ஒரு வருஷமா தெரியுமா?”

அவர் கிளையைப் பிடித்தபடியே தலையாட்டினார்.

“ஒரு வருஷமா நான் இந்தக் கையப் பாத்துப் பாத்து... நீங்க கை வலின்னு!” குரல் உடைந்தது. பிறகு, “ஆனா எடது பக்கம் தூக்கலா இருக்குன்னு சொன்னது நாந்தான்,” என்றாள். சொன்னவளுக்கே சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். “அதுக்காக ஒரு வருஷமா?”

லென்ஸை முந்தானையில் துடைத்தாள். நுனியில் என்ன பார்த்தாள் என்று அவரிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. வழுக்கை அண்ணன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள்: “அண்ணே, மம்பட்டி வேண்டாம். பேப்பர் படிக்க மட்டும் வாங்க.”

அப்புறம் சுழல் நாற்காலியைத் திருப்பிவிட்டு, “உக்காருங்க,” என்றாள்.

உட்கார்ந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டப்பட்டது. தன் நாற்காலியில் அவர் வாடிக்கையாளராக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடியில் பார்த்தால், பின்னால் அவள். அவள் கையில் அவருடைய கத்தரி, கண் அவருடைய மீசையில்.

“நான் வேணா...”

“அசையாதீங்க. என் கைக்கு ராசி எப்படின்னு பாத்துடலாம்.”

8

மருமகளின் முடிவு: காலையில் வாசலெல்லாம் பூ; தெருவே திரும்பிப் பார்க்கிறது; மீசை பிழைக்கிறது.

நான் முதலில் எழுதியது: மீசை போய்விடுகிறது, பூ வருகிறதோ இல்லையோ, தெரு அவரைத்தான் திரும்பிப் பார்க்கிறது.

இரண்டையும் அடித்துவிட்டேன். அடித்ததை விட்டும்வைத்திருக்கிறேன். “எதையுமே வெட்ட மாட்டீங்களா அத்தே?” என்று மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். இந்தக் கதையிலா, மாட்டேன். இதில் நீளுகிற எதையும் நறுக்க எனக்குத் துணிவில்லை. நான் முடிக்காமல் விட்ட வரிகளில் எது உங்கள் வீட்டு வாசலில் போய்ப் பூக்கும் என்று எனக்கென்ன தெரியும்? பேருந்து நகர்ந்துவிட்டது, கண்ணுகளா. இனிமேல் பார்க்க வேண்டியது நீங்கள்தான். கிளை கதவுக்கு நடுவில் அப்படியே இருக்கிறது. அதை அவள் தொடமாட்டாள், அதற்கு நான் பொறுப்பு. மற்றபடி, அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கத்தரியைத் திறந்து, அவர் மீசையின் இடது பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருப்பதைப் பார்த்து