நூறு கோடியே ஏழு

…ஒன்று, அப்புறம் மூன்று பூஜ்யம், அப்புறம்… அப்புறம் எங்கிருந்து வந்தது இன்னொரு ஒன்று, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் இருக்கிறதே, மேடைக்குப் பின்னால் பன்னிரண்டடி ஃபிளெக்ஸில், கைகட்டி நிற்கும் தன் படத்தின் தலைக்கு மேல், 1000100007 என்று… பேராசிரியர் ஹரிஹரசுப்ரமணியன் திருப்பிய கழுத்தைத் திருப்பியபடியே வைத்திருந்தார். எழுதிக் கொடுத்தது நூறு கோடியே ஏழு அல்லவா, ஒன்றையும் தன்னையும் தவிர எதற்கும் வகுபடாத பகா எண், முப்பத்து நான்கு வருஷம் வகுப்புக்கு வகுப்பு, ஏதோ தானே பெற்று வளர்த்ததுபோல, கரும்பலகையில் எழுதி 'நானும் இதுமாதிரிதான், எவனாலும் உடைக்க முடியாது' என்று சொன்ன எண், அதற்காகத்தானே இன்று திருக்காட்டுப்பள்ளிக் கல்யாண மண்டபத்தில் 'பகா எண் செம்மல்' பட்டம்… பக்கத்து நாற்காலியிலிருந்து விழாத் தலைவர் துரைராசு, ரைஸ்மில் முதலாளி, காதருகே குனிந்தார். "கூட்டிப் பாத்தேன் சார், எட்டு வந்துச்சு. எட்டு ஆகாதுங்க. நடுவுல ஒரு பூஜ்யத்த ஒண்ணாக்கிட்டேன், இப்ப ஒன்பது, அம்சமா இருக்கு."

ஒன்பதா… இலக்கங்களின் கூட்டுத்தொகை ஒன்பது வந்தால் ஒன்பதால் வகுபடும், பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியுமே, ஊரில் உள்ள, கூட்டினால் ஒன்பது வரும் ராசியான எண் ஒன்றுகூடப் பகா எண்ணாக இருக்க முடியாதே, மைக்கைப் பிடுங்கிச் சொல்லிவிடலாமா, சொன்னால் பட்டம் என்ன ஆகும், சால்வை… இந்த மனுஷனுக்கு யார் கொடுத்தது இந்த யோசனையை? துரைராசுவே சொன்னார், சாருடைய கார் நம்பரைப் பார்த்துத்தான் தோன்றியதாம். 4059. வாசலில்தான் நிற்கிறது, சந்தனப் பொட்டோடு. கூட்டினால் ஒன்பது வர வேண்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்து வாங்கிய எண்… அது வேறு, இது வேறு… எப்படி வேறு?

அதற்குள் துரைராசு மைக்கில். "இந்த நம்பர உலகத்துல எவனாலும் வகுக்க முடியாதுங்க. முடியும்னா கையத் தூக்குங்க." ஒரு கை எழுந்தது, பேராசிரியர் நாற்காலி நுனிக்கு வந்தார், கைக்காரர் மின்விசிறியைப் போடச் சொன்னார். கைதட்டல். சால்வை விழுந்தது. அப்பாடா, நாற்று நட்டுவிட்டு விருந்துக்கு வந்த ஜனம், யார் கூட்டிப் பார்க்கப் போகிறார்கள்… முன்வரிசையில் சரசா மட்டும் ஃபிளெக்ஸைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். எதற்கெடுத்தாலும் 'உனக்கு இதெல்லாம் புரியாதுடி' என்று அவர் சொல்லி வந்த மனைவி. மடியில் இரண்டு கையையும் விரித்து, ஒரு விரலை மட்டும் மடக்கி, அவர் கண்ணில் படும்படி வைத்தாள். சிரித்தாள். இந்தச் சிரிப்பை எங்கோ பார்த்திருக்கிறாரே… கார் வந்த அன்று, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்துவிட்டு, நம்பர் பிளேட்டைப் பார்த்து… அப்படியென்றால் அன்றைக்கே புரிந்துவிட்டதா அவளுக்கு… இல்லை, அதற்கும் முன்பேயா?