ஆயிரத்தோராவது படி

அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சிப் படிக்கும் மொட்டைமாடிக் கதவுக்கும் நடுவே மூன்று வருடத்தில் தொள்ளாயிரத்துப் பதினாறு படிகள் முளைத்தன. தெருவில் நின்று பார்த்தால் கட்டடம் ஒரு விரற்கடைகூட உயரவில்லை. துணி உலர்த்தப் போன பெண்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். கதவை எட்டுவதற்குள் துணி கூடையிலேயே பாதி காய்ந்திருந்தது.

காரணம், படி கூட்டுகிறவர். தரைத்தளத்தில் மின்சார மீட்டர்களை ஒட்டிய அறையில் அவரும் மனைவியும் இருபத்தாறு வருடம் குடியிருந்தார்கள். மனைவி தினமும் காலையில் பெருமாளின் ஆயிரம் நாமங்களைச் சொல்வாள். இவர் ரேடியோவின் சத்தத்தை ஏற்றுவார். ஒரு மத்தியானம் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோதும் ரேடியோவில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டது காதில் விழவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். மகள் மட்டும் நம்பவில்லை. முதல் மாடிவரை கேட்ட குரல் பத்தடியில் இருந்தவருக்குக் கேட்காதா? அம்மாவின் காரியமெல்லாம் முடிந்த கையோடு தன் ஊருக்குப் போனவள், நான்கு வருடம் பேசவில்லை.

ரேடியோவை அவர் யாருக்கோ கொடுத்துவிட்டார். அறையின் அமைதி தாங்காமல் மனைவியின் நாமப் புத்தகத்தை எடுத்து, எழுத்துக்கூட்டிப் படித்து, ஒரு வருடத்தில் மனப்பாடம் செய்தார். பிறகு படிக்கொரு நாமமாகச் சொல்லிக் கூட்டத் தொடங்கினார். நடுவில் மனம் எங்காவது மேயப் போனால், கீழே இறங்கி முதல் படியிலிருந்து மறுபடி கூட்டுவார். இருந்தது எண்பத்து நாலு படி. எண்பத்து நாலையும் மனம் நழுவாமல் கூட்டி முடித்த முதல் நாளில், எண்பத்தைந்தாவது நாமம் நாக்கு நுனியில் நின்றது. துடைப்பத்தை நீட்டினார். அங்கே ஒரு படி இருந்தது. அதையும் கூட்டினார்.

குடியிருப்போர் சங்கம் கூடி இரண்டு மணி நேரம் பேசியது. "நமக்கு நாமம் போடாம படிக்குத்தான போடுறாரு, சுத்தமாவும் இருக்கு, விடுங்க" என்று தலைவர் சொன்னதோடு கூட்டம் கலைந்தது.

மத்தியானத்தில் அறுநூறு படிக்கு மேல் ஈ காக்கை கிடையாது. அங்கே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டுச் சாப்பிடுவார். ஆயிரமாவது நாமத்தைச் சொன்ன அன்று மேலே யாராவது நிற்பார்கள் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்தார். துருப்பிடித்த மொட்டைமாடிக் கதவுதான் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். மேலே இருக்கிறார் என்று யாரோ சொல்ல, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி, உச்சியில் அவரைப் பிடித்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"அம்மா கூப்பிட்டது கேட்டுச்சா, கேக்கலையா? உண்மையச் சொல்லுங்கப்பா."

"கேட்டுச்சும்மா. மூணு தரம் கூப்பிட்டா. இந்த ஓவர் முடியட்டும்னு இருந்துட்டேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் ஆயிரமாவது படியில் அப்படியே உட்கார்ந்தாள்.

"எங்க வீட்லயும் நான் பேசுனா யாரும் நிமிர்ந்து பாக்குறதில்லப்பா" என்றாள். "பத்து வருஷமா. அம்மாவும் இப்படித்தான இருந்திருப்பாங்க?"

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளருகே உட்கார்ந்தார். அவள் பேசினாள். மாமியார், கணவன், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், எதையோ சொல்ல வாயெடுத்து விழுங்கிய சாயங்காலங்கள். அவர் ஒரு நாமமும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபடியே இருந்தார். கதவிடுக்கு வெயில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போனது. பேசி முடித்துக் கதவைத் திறந்து காற்று வாங்கலாம் என்று எழுந்த மகள் கால் தடுக்கித் தடுமாறினாள். கதவுக்கு முன்னால் புதிதாக ஒரு படி இருந்தது.

"பாத்து வாம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலைப் பேருந்தில் அவள் போய்விட்டாள். மறுபடி வருவதாகச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மறுநாள் வழக்கம்போல் ஆயிரம் நாமமும் சொல்லி முடித்து அந்தப் படிக்கு வந்தார். சொல்ல எதுவும் இல்லை. துடைப்பத்தைப் பிடித்தபடி, யாரோ பேசப்போவதைக் கேட்க நிற்கிறவர்போலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதையும் கூட்டினார். துணி உலர்த்த வருகிறவர்களுக்கு அந்தப் படி வசதியாகப் போயிற்று. கூடையை அதில் இறக்கி வைத்துவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டார்கள்.