திருடன் மணல்

பலகை நட்டு அரைநாள்கூட ஆகவில்லை, ஹெர்தீஸ் கடப்பாரையோடு வந்துவிட்டாள். அவள் ஆடுகளை மேட்டுக்கு ஓட்டிவிட்டுத் திரும்புவதற்குள், பக்கத்துப் பண்ணை தோர்கில்ஸ் அவளுடைய கடற்கரை மணலிலேயே அதை ஊன்றிவிட்டுப் போயிருந்தான். ‘திருடன் மணல்’ என்று பெரிய எழுத்தில். அந்தத் திருடன் யார் என்பதும் கீழே இருந்தது: இல்லுகி. அவளுடைய தாத்தா. ஐஸ்லாந்தின் இந்தக் கோடிக்கு வருஷத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம். அந்த நாலு பேருக்கும் தெரிந்தாக வேண்டுமாம். என்ன கொழுப்பு!

இங்கே மரம் முளைக்காது. கடல் கொண்டுவந்து போடுவதுதான் மரம். யார் மணலில் ஒதுங்குகிறதோ அவர்களுக்குச் சொந்தம்; கத்தியால் தன் பண்ணையின் குறியை யாராவது வெட்டியிருந்தால் மட்டும் அந்தக் குறிக்காரனுக்கு. அந்தக் காலத்தில் இந்த மணல் தோர்கில்ஸின் தாத்தாவுடையது. ஒரு பனிக்காலத்தில் இல்லுகியின் சின்ன மகள் ஊனா செத்துப்போனாள். சவப்பெட்டிக்கு வீட்டில் மரமில்லை. இல்லுகி கேட்காமல் ஒரு கட்டையை எடுத்தார். கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது என்று ஊருக்கே தெரியும். அடக்கத்தன்று தோர்கில்ஸின் தாத்தா கல்லறைக்கே வந்து, “அது என் பலகை” என்று பெட்டியின் மூடியைப் பெயர்த்துக்கொண்டு போனான். பிள்ளையின் முகத்தில் நேராக மண் விழுந்தது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை; கட்டை எடுத்த மணலுக்குத்தான் ‘திருடன் மணல்’ என்று வைத்தார்கள். பின்னால் ஹெர்தீஸின் அப்பா மாடாக உழைத்து மணலை வாங்கினார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது.

பலகையைப் பிடுங்கிப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கேயும் குறி இல்லை. பெயர் எழுதுகிற அவசரத்தில் மடையன் தன் குறியை வெட்ட மறந்திருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தோளில் தூக்கிக்கொண்டு நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள்.

ஊனாவின் மேட்டில், எழுத்து கீழே போகும்படி, அதைக் கவிழ்த்து வைத்தபோது வேலிக்கு வெளியே டிராக்டர் வந்து நின்றது. தோர்கில்ஸ் இறங்கினான்.

“அது என் பலகை,” என்றான்.

“குறி எங்க?”

அவன் வேலிக்கு மேலாக எட்டிப் பலகையின் ஓரங்களைப் பார்த்தான்.

“குறியில்லாம என் மணல்ல இருந்துச்சு. அது எனக்குத்தான். இல்ல உன்னுதுதான்னா, உள்ள வந்து பேத்து எடுத்துட்டுப் போ. உங்க வீட்டுக்கு இது என்ன புது வேலையா?”

தோர்கில்ஸ் வேலிக் கதவின்மேல் கை வைத்தான். கை அங்கேயே இருந்தது. பின்னால் டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது. ஹெர்தீஸ் அவனை நிமிர்ந்து பார்க்காமல் மண்டியிட்டு, மடக்குக் கத்தியை விரித்து, பலகையின் ஓரத்தில் தன் பண்ணையின் குறியை வெட்டத் தொடங்கினாள்.