அஞ்சாம் கட்டை

என் வீட்டுக்காரர் சந்தனத்துக்கு இரண்டு விஷயம் வராது. ஒன்று பாட்டு. இன்னொன்று, தோற்றுவிட்டுச் சிரிப்பது. முதலாவதை எஸ்டேட்டே மன்னித்துவிட்டது. இரண்டாவதோடு குடித்தனம் நடத்துகிறவள் நான்.

பாட்டு வராததை ஏன் சொல்கிறேன் என்றால், அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கம் ராஜபார்ட் கட்டிய நாடக நடிகர். மைக் இல்லாத காலத்தில் மனுஷன் அஞ்சு கட்டைச் சுருதியில் எடுத்தால், கடைசி வரிசையில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவானாம். அது பெண்கள் பாடுகிற உயரம். ஆம்பிளை ஒருவன் அங்கே ஏறி நின்று பாடிவிட்டால் எங்கள் ஜனம் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும். அப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த பிள்ளை, எங்கள் மாரியம்மன் கோயில் பஜனையில் ஒரு கட்டையிலேயே மூச்சுத் திணறுவார். ஆர்மோனியக்காரர் சுடலை பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பார். பிறகு நான் பாட ஆரம்பித்தால்தான் அவர் முகம் தெளியும். நான் பாடுவதும் அஞ்சு கட்டைதான். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு.

மூணாறுக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் அவர் டீமேக்கர், இலை தூளாகிற பக்குவம் பார்க்கிறவர். நான் அங்கேயே தூள் சலிக்கிற பகுதியில் வேலை. எழுபதுகளின் நடுவில் வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராகச் சீமைக்குத் திரும்பிவிட, கிளப்பில் கோல்ஃப் ஆட ஆளில்லாமல் போனது. மைதானத்தில் மாடு மேய்வதைவிட ஸ்டாஃப்காரர்கள் ஆடினால் தேவலை என்று நினைத்தார்களோ என்னவோ, எங்களுக்கும் கதவைத் திறந்தார்கள். திறந்த முதல் வாரமே உள்ளே நுழைந்தவர் இவர். பாட்டு வராத உடம்புக்குப் பந்து வந்தது. ஃபேக்டரி விட்டதும் நேரே மைதானம்தான். மட்டைப் பை தூக்க ஆள் கிடைக்காத நாட்களில் நானே தூக்கினேன்.

பை என்றால், ஊருக்குப் போன ஒரு துரை விட்டுவிட்டுப் போனது. உள்ளே முழு செட் கிடையாது. ஒண்ணாம் கட்டை ஒன்று. மற்றதெல்லாம் அஞ்சாம் இரும்பும் அதற்கு மேற்பட்ட நம்பர்களும். பை தூக்குகிறவர்கள் அந்தக் காலத்திலேயே வைத்த பெயர்கள் இவை. மட்டையின் தலை மரமாக இருந்தால் கட்டை, தகடாக இருந்தால் இரும்பு. நம்பர் கூடக் கூடத் தலை மேல்நோக்கிச் சாயும். பந்து உயரமாகப் போகும், தூரம் குறையும். நாங்கள் தூள் சலிக்கிற சல்லடையும் அப்படித்தான், நம்பர் கூடினால் கண் சிறுசு. நடுவில் ஒரு சல்லடை இல்லையென்றால் இரண்டு ரகமும் ஒன்றாய்க் கலந்து விழும். இவர் பையில் நடுவே அப்படித்தான் ஒரு ஓட்டை இருந்தது.

அந்த ஓட்டை தெரிகிற இடம் கடைசிக் குழி. ஒண்ணாம் கட்டையால் முதல் அடி அடித்தால் பந்து மேட்டில் போய் நிற்கும். அங்கிருந்து பார்த்தால் எதிரே குழியில் நட்ட கொடி. கொடிக்கு முன்னால் குறுக்கே ஓர் ஓடை. அஞ்சாம் இரும்பால் அடித்தால் பந்து ஓடையில் விழும். ஒண்ணாம் கட்டையோ, முதல் அடிக்கு மட்டும் அனுமதிக்கிற முளைக்குச்சி மேல் பந்தை வைத்தால் ஒழிய அதைத் தூக்காது. புல்லில் கிடக்கிற பந்தை அது உருட்டித்தான் விடும், அதுவும் ஓடைக்குத்தான். எத்தனை பந்தை நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் தேடினேன் என்பது அந்த ஓடைக்குத்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போது வருஷாந்திரப் போட்டி வந்தது. மதுரையிலிருந்து மில் ஆபீசர்கள் போடிமெட்டு ஏறி வந்து எங்கள் கிளப்போடு ஆடுவார்கள். கிளப் செக்ரட்டரி இவரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சந்தனம், இந்தத் தடவை ஸ்டாஃப்ல ஒருத்தரைப் போட்டுப் பார்க்கிறோம். உங்க பேரைத்தான் போட்டிருக்கேன். சரியா வரலைன்னா அடுத்த வருஷத்திலிருந்து பழையபடி ஆபீசர்ஸ் மட்டும்தான்."

அவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது முகத்தில் சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. "அந்த ஓடை" என்று மட்டும் சொன்னார். அவர் ஒருவர் விழுந்தால் கிளார்க், டிஸ்பென்சர், டீமேக்கர் அத்தனை பேருக்கும் சேர்த்துக் கதவு சாத்தப்படும். பயந்தது நான்தான். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"ஓடையை நெனைச்சு என்ன செய்ய? பையில இருக்க ஓட்டையை அடைங்க மொதல்ல" என்றேன்.

கிளப்பின் சாமான் அறையில் துரைகள் போட்டுவிட்டுப் போன பழைய மட்டைகள் கிடந்தன. போட்டி ஆடுகிறவர் ஆளுக்கு ஒன்று எடுத்துச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று செக்ரட்டரி சொல்லியிருந்தார். இவருக்குப் பொருத்தமாக அங்கே இருந்தவை இரண்டே. ஒன்று மூணாம் கட்டை. பெரிய தலை, நீளத் தண்டு, வார்னிஷ் போகாமல் பளபளவென்று இருந்தது. இன்னொன்று அஞ்சாம் கட்டை. சிறிய தலை, பெயிண்ட் உரிந்து, கைப்பிடித் தோல் தேய்ந்து, ஏதோ ஒரு துரைசாணி ஆடியது.

அவர் கை நேரே மூணாம் கட்டைக்குப் போனது. எனக்குத் தெரியும், போகும்.

"ரெண்டையும் அடிச்சுப் பாத்துட்டு எடுங்க. சேலைக்கடையில கூட நான் ஒண்ணை மட்டும் பிரிச்சுப் பாக்க மாட்டேன்" என்றேன்.

இரண்டையும் வாங்கிக்கொண்டு மேட்டுக்குப் போனோம். மூணாம் கட்டையால் அடித்தார். எங்கள் மைதானத்தில் எப்போதும் ஈரம், பந்து புல்லுக்குள் அமுங்கித்தான் கிடக்கும். பந்து தாழப் பறந்து ஓடையில் விழுந்தது. மறுபடி அடித்தார். அது நன்றாகப் பட்டுவிட்டது. கொடியையும் தாண்டித் தேயிலைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதற்குப் பிறகு அடித்ததெல்லாம் இந்த இரண்டில் ஒன்றுதான். ஒண்ணாம் கட்டைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூடம் இருக்கிற வீட்டில் இன்னொரு கூடம் கட்டியது மாதிரி.

பிறகு அஞ்சாம் கட்டை. சத்தமே வேறு. 'டொக்' என்று ஒரு தட்டு. பந்து நெட்டுக்கு எழும்பி, ஓடைக்கு மேலே யோசித்துக்கொண்டே போவதுபோலப் போய், கொடிக்குப் பக்கத்தில் மெத்தென்று இறங்கி நின்றது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இன்னொரு பந்து போட்டார். அதுவும் அங்கேதான் இறங்கியது.

"எடுத்துக்கோங்க" என்றேன்.

"இது துரைசாணி மட்டை, வேலு" என்றார் என்னிடம். "ஆம்பளைக யாரும் இதைத் தொட மாட்டாக. சிரிப்பாக."

"ஓடையில விழுந்தா மட்டும் அழவா போறாக?"

"உனக்குத் தெரியாது."

"எனக்கு ஒண்ணு தெரியும். மூணாம் கட்டை உங்க மீசைக்குப் பொருத்தம். அஞ்சாம் கட்டை உங்க கைக்குப் பொருத்தம். ஆடப்போறது மீசையா கையா, நீங்களே சொல்லுங்க."

மூணாம் கட்டையை எடுத்துத் துடைத்தார். தடவிப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க என் கையில் தந்துவிட்டு, அஞ்சாம் கட்டையைப் பையில் ஒண்ணாம் கட்டைக்குப் பக்கத்தில் செருகினார். மூன்று முறை தோற்றிருந்தால்கூட அந்த மனுஷன் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார். அந்தக் கணத்தில் அவர் மேல் எனக்கு வந்த மரியாதையைக் கல்யாணத்தன்று மாலை போட்டபோதுகூட நான் உணரவில்லை.

சாமான் அறையைப் பூட்ட வந்த செக்ரட்டரி பையைப் பார்த்துவிட்டார். "என்ன சந்தனம், லேடீஸ் மட்டையா? மதுரைக்காரங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்று சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். இவர் காது மடல் சிவந்தது. ஆனால் பையிலிருந்து அதை எடுக்கவில்லை.

அந்தக் கோபம் ஆறாமல் நான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வழியாக வந்துகொண்டிருந்தேன். எதிரே சுடலை.

"என்ன மயினி, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஒங்க அண்ணாச்சி ஞாயித்துக்கிழமை கிளப்புல அஞ்சாம் கட்டை எடுக்கப் போறாரு. அதுக்குச் சிரிக்கானுக. அன்னைக்கு வந்து பாக்கட்டும்" என்று பொரிந்துவிட்டு நடந்தேன்.

சுடலை நின்ற இடத்திலேயே நின்றார். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் சமமாகவே போனது. இவருக்கு எதிராக ஆடியவர் மதுரை அணியின் கேப்டன், நரைத்த கிருதா வைத்த பெரிய மனிதர். கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சரிசமம். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பின்னால் ஆள் அரவம். திரும்பினால் லயமே திரண்டு வருகிறது. பெண்கள் தலை நிறையப் பூவோடு. ஆம்பிளைகள் சலவை வேட்டியில். முன்னால் சுடலை, கழுத்தில் துண்டு கட்டி ஆர்மோனியப் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு.

"என்ன இது?" என்றேன்.

"அண்ணாச்சி அஞ்சு கட்டையில எடுக்கப் போறாருன்னு நீங்கதான சொன்னீய? அவுக அப்பா கொரல் இத்தனை வருசம் கழிச்சு எறங்கிருக்கு. பெட்டி இல்லாம எப்படி மயினி?"

நான் சொன்ன கட்டை வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கேப்டன் மேட்டிலிருந்து ஓடைக்கு இந்தப் பக்கமே பந்தைப் பத்திரமாகத் தட்டி நிறுத்தினார். செக்ரட்டரி இவரிடம் குனிந்து, "நீங்களும் தட்டி வையுங்க. சமமா முடிஞ்சா போதும்" என்று சொன்னது எங்களுக்கே கேட்டது. இவர் தலையை ஆட்டிவிட்டுப் பையிலிருந்து உரிந்துபோன அந்தச் சின்ன மட்டையை உருவினார்.

"எடுத்துட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். சுடலை துருத்தியை அமுக்கி அஞ்சு கட்டைச் சுருதியைப் பிடித்துவிட்டார். அடிக்கும்போது இருமக்கூடக் கூடாத இடம் அது. சுருதி மலை முழுக்க நின்றது. செக்ரட்டரி கையை வீசிக்கொண்டு வேலியை நோக்கி ஓடி வந்தார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

இவர் மட்டையைத் தாழ்த்திவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார். வேட்டிகளையும் பூக்களையும் பெட்டியையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

"இருக்கட்டும் சார்" என்றார். "வாசிக்கட்டும்."

கேப்டனும், "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார்.

சுருதி நின்றுகொண்டே இருந்தது. இவர் நிதானமாக மட்டையைத் தூக்கி இறக்கினார். 'டொக்'. பந்து எழும்பியது. ஓடையைத் தாண்டும்வரை நான் மூச்சு விடவில்லை. தாண்டியது. கொடிக்கு அருகில் இறங்கி, ஒரு துள்ளு துள்ளி நின்றது. எங்கள் ஜனத்துக்கு ஆட்டம் தெரியாது, ஆனால் செக்ரட்டரி தன்னை மறந்து கை தட்டியது தெரிந்தது. அதன்பிறகு யாரும் யாரையும் கேட்காமல் கை தட்டினார்கள். கேப்டன் குழிக்குள் போட ஓர் அடி கூடுதலாக எடுத்துக்கொண்டார். இவர் ஜெயித்தார்.

கேப்டன் கை குலுக்கிவிட்டு, "அது என்ன மட்டை?" என்று கேட்டார். செக்ரட்டரி முந்திக்கொண்டு, "பழைய லேடீஸ் மட்டை சார், அது வந்து..." என்று இழுத்தார்.

"அஞ்சாம் கட்டை சார்" என்றார் இவர், தெளிவாக.

கேப்டன் மட்டையைப் பார்த்தார், வேலிக்கு வெளியே ஆர்மோனியத்தைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "எங்க மதுரையில அஞ்சு கட்டை எடுக்கிற ஆம்பளைக்கு விடிய விடிய உட்கார்ந்திருப்போம். இதைப் போய் லேடீஸ்ங்கிறீங்களே" என்று செக்ரட்டரியின் தோளில் தட்டினார். செக்ரட்டரி இவரைப் பார்த்து, "அடுத்த வருஷம் ஸ்டாஃப்ல இன்னும் ரெண்டு பேரைத் தயார் பண்ணுங்க" என்றார். அவருக்கும் அன்று முகம் மலர்ந்துதான் இருந்தது.

ஆனால் எங்கள் ஜனம் நகரவில்லை. சுடலை சுருதியை விடவில்லை. "அண்ணாச்சி, பாட்டு" என்றார். இவர் முதல்முறையாக, ஜெயித்த பிறகு தோற்றவர்போல விழித்தார். பிறகு சிரித்தார். வேலிக்கதவைத் தானே திறந்து, "வேலு, வா" என்றார்.

பை தூக்கவும் பந்து தேடவும் அல்லாமல் லயத்துப் பெண்பிள்ளை எவளும் கால் வைக்காத அந்தப் புல்லில் நான் வெறுங்கையோடு நடந்து போனேன். பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. பழனிமலையான் மேல் ஒரு பாட்டை எடுத்தேன். என் குரல் ஓடையைத் தாண்டி ஃபேக்டரிவரை போனது எனக்கே கேட்டது. முடித்தபோது கேப்டன் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

"டீமேக்கர், இது யாரு?" என்று கேட்டார்.

இவர் மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்க வீட்டுல அஞ்சு கட்டை ரெண்டு இருக்கு சார்" என்றார். "ஒண்ணு இது. அதை எடுக்கச் சொன்னது இவ."