முக்கால் தச்ச சட்டை

ஊசியில நூல் மூணாவது தடவையா அறுந்துச்சு. அக்கா மெஷின் தலையில ஓங்கி ஒரு தட்டு தட்டினா. மெஷின் என்ன பண்ணும் பாவம், கோளாறு அவ கண்ணுல. ஆனா யாரையாவது அடிக்கணும் போல இருந்துச்சே. அடி வாங்க வேண்டிய ஆளு கடைக்குப் பின்னாடி ரூம்ல, வெள்ளைப் போர்வைக்குள்ள, காலையிலேர்ந்து ஒரு வேலையும் இல்லாம படுத்திருக்கான்.

அவளோட தம்பிதான். நாலு மணிக்கு அடக்கம். இப்பவே பன்னெண்டே கால் ஆச்சு. முப்பத்தாறு வருஷம் ஊருக்கெல்லாம் தச்சுக் குடுத்த மனுஷனுக்குப் போட்டு அனுப்ப ஒரு உருப்படியான சட்டை கிடையாது, கேட்டுக்குங்க. பீரோவைத் திறந்தா ஒண்ணுல காலர் நைஞ்சிருக்கு, ஒண்ணுல பாக்கெட் தொங்குது. கடைசியில கடை மேஜைக்கு அடியில ஒரு பையில கிடைச்சுது, அவன் அளவுக்கே வெட்டின வெள்ளைச் சட்டை. இடது கை வச்சாச்சு. வலது கை? குண்டூசி குத்தி அப்படியே விட்டாச்சு.

"செத்தும் எனக்கு வேலை வச்சிருக்கான் பாரு"ன்னா அக்கா, யார்கிட்டேயும் இல்லாம.

கடைத்தெருவுல அவனுக்குப் பேரே முக்கால்தான். எந்தத் துணியையும் முக்கால்வாசி தைப்பான், அதுக்குள்ள யாராவது வந்துடுவாங்க, பேச ஆரம்பிச்சுடுவான். அப்புறம் மீதி கால்வாசி அக்கா தலையில. பேச்சுன்னா ஊர்வம்பு இல்ல, அதா இருந்தாலாவது கேட்க நல்லா இருக்கும். வேதத்துல, அதான் பைபிள்ல, இருக்கிற சங்கீதம்தான் பேச்சு. எபிரேய பாஷையில ஒரு ராஜா உக்காந்து அழுது அழுது எழுதின பாட்டுங்க. அதுல எல்லாம், இயேசு பொறக்கறதுக்கு ஆயிரம் வருஷம் முந்தியே, அவரைப் பத்தி இருக்குன்னு இவனுக்கு நம்பிக்கை. வர்றவங்க இடுப்புல டேப்பைச் சுத்தினபடியே ஆரம்பிப்பான்.

"கையையும் காலையும் குத்தினாங்கன்னு எழுதியிருக்காரு. துணிக்கு சீட்டுப் போட்டாங்கன்னு எழுதியிருக்காரு. அந்த ராஜாவுக்கு அப்படி நடந்துச்சா? இல்ல. அப்ப யாருக்கு நடந்துச்சு? சொல்லுங்க!"

"இடுப்பு முப்பத்தி நாலா முப்பத்தி ஆறா, அதை நீ சொல்லுப்பா"ம்பாங்க அவங்க.

துணியில குறி போடுற நீலச் சாக்குக்கட்டியாலயே வேதத்துலயும் கோடு போட்டு வச்சிருப்பான். கடையில அந்தச் சாக்குக்கு ஒரு கணக்கு உண்டு. கோடுன்னா வெட்டணும். பெருக்கல் குறின்னா பட்டன் வைக்க அக்காகிட்ட போகணும். வட்டம்னா எல்லாம் முடிஞ்சுது, எடுத்துக் குடுத்துடலாம். வட்டத்தை அவன் கையால போட்டு அக்கா பார்த்ததே அபூர்வம்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம். காலையில அவன் பண்ணினதைத்தான் அவளால பொறுக்க முடியல.

ரெண்டு மாசமாப் படுக்கை. டாக்டரும் வீட்டுலயே வச்சுக்குங்கன்னுட்டார். விடிஞ்சதும் அவன் பொண்டாட்டி வெந்நீர் வைக்கப் போனா. அக்கா மட்டும் பக்கத்துல. திடீர்னு கண்ணைத் திறந்தான். அவ கையை இறுக்கிப் பிடிச்சான். "தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீங்க"ன்னான். அவ்வளவுதான். அடுத்த மூச்சு வரும்னு அக்கா காத்திருந்தா, காத்திருந்தா, வரல.

சிலுவையில இயேசு சொன்ன வார்த்தைன்னு அவளுக்கும் தெரியும். அவரு சொன்னாரு, சரி. நீ ஏன்டா சொன்னே? முப்பத்தாறு வருஷம் ஊர்ல உள்ளவங்க இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஆறுதல் சொன்னியே, உனக்கு ஒரு சொட்டு மிச்சம் வச்சுக்கலியா?

கடைசியா என்ன சொன்னார்னு அவன் பொண்டாட்டி கேட்டப்ப அக்கா மறைக்கத் தெரியாம சொல்லித் தொலைச்சுட்டா.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணி."

"நான் ஏம்மா சொல்றேன்."

"பயந்துக்கிட்டேதான் போனாரா?"

அக்கா சட்டையைத் தேடணும்னு எழுந்து வந்துட்டா.

நாலாவது தடவை நூல் கோக்கறப்ப பாஸ்டர் உள்ள வந்தார். சின்ன வயசு, வந்து ஆறு மாசம்தான் ஆகுது. கையில போனு, போன்ல வண்டிக்காரன்.

"ஒரு நிமிஷம் இருங்க டிரைவர்... அக்கா, எந்தச் சங்கீதம் வாசிக்கலாம்? இருபத்திமூணு? மேய்ப்பன் சங்கீதம்?"

"அவன் புஸ்தகம் அலமாரியில இருக்கு. எதையாவது வாசிங்க."

அவர் எடுத்துப் பிரிச்சார். நீலத்தூள் அவர் சட்டை மேலெல்லாம் கொட்டிச்சு. "என்னக்கா இது, இருபத்திமூணுல ஒரு கோடும் இல்ல. பக்கத்துல இருபத்திரண்டு முழுக்க நீலமா கிடக்குது?"

அக்கா கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு எட்டிப் பார்த்தா. முதல் வரியிலயே நின்னுட்டா. காலையில அவன் சொன்ன அதே வார்த்தை.

"இது... இது சிலுவையில சொன்னதில்ல? இங்க எப்படி வந்துச்சு?"

"இதைத்தான்க்கா அவர் அங்க சொன்னார். உங்களுக்குத் தெரியாதா? அண்ணன் தினம் இதைத்தானே பேசுவார்?"

"நான் காஜா எடுத்துக்கிட்டு இருந்தேன்"னா அக்கா, சுள்ளுன்னு. பட்டனுக்கு ஓட்டை போடுறவ காதைத் தீட்டிக்கிட்டா உக்காந்திருக்க முடியும்?

"ஆனா துக்க வீட்டுல இருபத்திரண்டு வேண்டாம்க்கா. ஆரம்பமே ஒரு மாதிரி இருக்கும்"னுட்டு அவர் போனோட வெளியில போனார்.

அவர் போன வழியிலயே, தைக்கக் குடுத்திருந்த ஒரு டீச்சர் வந்தாங்க. விஷயம் தெரியாது. வரும்போதே குரல்.

"என் கவுனுக்கு லைனிங் வச்சாச்சா இல்லியா? இது அஞ்சாவது தடவை. எங்க அந்த முக்கால்?"

"காலையில போயிட்டான் டீச்சர்."

"எங்க போனாரு?"

அக்கா கையில இருந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தா. டீச்சருக்கு அப்பத்தான் உறைச்சுது. ஸ்டூலைத் தேடி உக்காந்தாங்க.

"நாலு தடவை வந்தேன், நாலு தடவையும் ஒரே பாடம். எனக்கே பாடம்! கோவத்துல கவுனைக் குடுய்யான்னு கத்தினேன் போன வாட்டி."

"என்ன பாடம்?"

"பாட்டு எதுன்னு கேட்டா முதல் வரியைத்தானே டீச்சர் சொல்லுவோம்னாரு. பாட்டுப் புஸ்தகத்துலயே முதல் வரியைப் போட்டுத்தானே தேடுறோம்? சிலுவையில இயேசுவுக்கு மூச்சு இல்ல, அதனால முதல் வரியைச் சொன்னாரு. மீதி நமக்குத் தெரியும்னு விட்டுட்டாரு. நாமதான் முதல் வரியோட நின்னுடறோம்னாரு." டீச்சர் மூக்கை உறிஞ்சினாங்க. "இதைச் சொல்ற நேரத்துல லைனிங் வச்சிருக்கலாம்."

"வச்சிருக்கலாம்"னா அக்கா.

டீச்சர் உள்ள பார்க்கப் போனதும் அக்கா புஸ்தகத்தை மெஷின் மேல வச்சு, விரலை வச்சு, ஒவ்வொரு வரியாப் போனா. அந்த ராஜா, ராத்திரியும் பகலும் கூப்பிட்டும் பதில் இல்லைங்கறான். எலும்பெல்லாம் கழண்டு போச்சுங்கறான். எல்லாத்துக்கும் பக்கத்துல கோடு. பாதிக்கு அப்புறம் பாட்டு திரும்புது. தேவன் முகத்தை மறைச்சுக்கலை, கூப்பிட்டதைக் கேட்டாருன்னு வருது. அங்கயும் கோடு. போகப் போக இனிமே பொறக்கப் போறவங்களுக்கெல்லாம் போய்ச் சொல்லணுமாம், என்னன்னு? இதையெல்லாம் அவரே செஞ்சு முடிச்சாருன்னு. அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்துல கோடு இல்ல.

வட்டம். ஒழுங்கா, முழுசா, அழுத்திப் போட்ட வட்டம்.

"அட படுபாவி"ன்னா அக்கா.

புஸ்தகத்தைத் தூக்கிட்டு நேரா பின்னாடி ரூமுக்குப் போய், அவன் பொண்டாட்டி மடியில வச்சா. "முதல் வரி காலையில சொன்னது. மீதி சொல்ல உம்புருஷனுக்கு நேரமில்ல. கடைசி வரைக்கும் படி. நடுவுல நிறுத்தினே, தெரியும் சேதி."

"அண்ணி..."

"படிம்மா."

திரும்பி வந்து உக்காந்தா. இந்தத் தடவை நூல் அறுகல. வலது கை ஏறிச்சு, ஒரே ஓட்டத்துல. பாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"வண்டி வந்தாச்சுக்கா. அப்ப இருபத்திமூணுதானே?"

"இருபத்திரண்டு. முழுசா வாசிக்கணும். பாதியில நிறுத்தினீங்கன்னா எழுந்து நான் வாசிப்பேன்."

பல்லால நூலைக் கடிச்சா. மேஜை மேல கிடந்த சாக்குக்கட்டியை எடுத்தா, அவன் விரல் பட்டுப் பட்டு நடுவுல பள்ளமாயிருந்துச்சு. சட்டையைப் புரட்டி, காலருக்கு உள்பக்கம், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்துல ஒரு வட்டம் போட்டா. நல்லா வரல, கொஞ்சம் கோணல்.

அப்புறம் சட்டையை உதறி, பாஸ்டர் கையில குடுத்தா. "எடுத்துட்டுப் போங்க. முடிஞ்சுது"ன்னுட்டு, டீச்சரோட கவுனை இழுத்து மடியில போட்டுக்கிட்டா.